எங்க மாட்டுக்கு வாலு, அவன் மாட்டுக்குக் கொம்பு

ஏலேய் பேராண்டி, நீ ராத்திரி கட்டில்ல விட்டுட்டுப் போன காகிதத்தைப் பாத்தேன். பாக்கணும்னு பாக்கல. காப்பித் தம்ளருக்கு அடியில வைக்க ஒரு தாள் தேடினேன், இது ஆப்புட்டுச்சு. உங்க மேனேஜருக்கு எழுதின லெட்டரு. 'ஐ வான்ட் டு டிஸ்கஸ் அபௌட் மை சாலரி'ன்னு ஆரம்பிச்சிருக்கே. நல்ல ஆரம்பம். சம்பளம் கூடுதோ இல்லையோ, வார்த்தை ஒண்ணு கூடியிருக்கு.

அதுக்குக் கீழ 'ஐ ரீச்ட் டு சென்னை'. அதுக்கும் கீழ 'ஐ ஆம் கோப்பிங் அப் வித் தி ஒர்க்'. ஒரு பக்கத்துல மூணு. தக்காளி விக்கிற விலைக்கு, இப்படிக் கை தாராளமா எடுத்துப் போடுறவன் நம்ம குடும்பத்துல நீ ஒருத்தன்தான்.

நான் திருத்தச் சொல்லலடா. அப்படியே அனுப்பு. உங்க மேனேஜரும் நம்ம பக்கத்து ஆளுதானே? அவரும் 'டிஸ்கஸ் அபௌட்'ன்னுதான் எழுதுவாரு. நீ ஒழுங்கா 'டிஸ்கஸ் மை சாலரி'ன்னு எழுதிட்டேன்னு வை, 'பய நடுவுல ஒரு வார்த்தையை முழுங்கிட்டான், இவனுக்கு எதுக்கு இங்கிரிமென்ட்டு'ன்னு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிருவாரு. ஆனா அவருக்கும் மேல அமெரிக்காவுல ஒரு பெரிய மேனேஜர் இருக்காருன்னு சொன்னியே, அவரு கண்ணுல பட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. உதட்டுக்குள்ள சிரிச்சுக்கிடுவாரு. சம்பளம் பத்தலன்னு நீ அழுத லெட்டரைப் பாத்து ஒருத்தர் சிரிச்சா உனக்குச் சம்மதம்னா, நான் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்.

சம்மதம் இல்லையா? அப்ப உக்காரு. அந்த செல்லைக் கமுத்தி வை.

இந்தக் கெழவனுக்கு இங்கிலீஷுல என்ன தெரியும்னு உன் மூஞ்சியில எழுதியிருக்கு. நீ எழுதினதுல அது ஒண்ணுலதான் தப்பு இல்ல. ஏலேய், நான் தபாலாபீஸ்ல தந்திக் கவுண்டர்ல உக்காந்த ஆளு. தந்தின்னா என்னன்னு கேக்காதே. 2013 ஜூலையில அதுக்குப் பால் ஊத்தியாச்சு, நாடு முழுக்க. நான் அதுக்கு முன்னாலயே ரிட்டையர்டு. அந்தக் காலத்துல வார்த்தைக்கு இவ்வளவுன்னு காசு. மேல் விலாசத்துல இருக்கிற வார்த்தைக்கும் காசு. சனங்க ஃபாரத்துல ஒரு கடுதாசி நீளத்துக்கு எழுதிட்டு வந்து நிக்கும். நான் வெட்டிச் சுருக்கிக் குடுப்பேன். எதை வெட்டுறது? பேரை வெட்ட முடியாது, செத்துப் போனது யாருன்னு தெரியாமப் போயிரும். வினைச்சொல்லை வெட்ட முடியாது, செத்தாரா பொழைச்சாரான்னு தெரியாமப் போயிரும். நடுவுல கொசு மாதிரிப் பறக்குமே ஆன், அட், டு, ஃபார்னு, அதுகளைத்தான் அடிப்பேன். 'அரைவிங் ஆன் மண்டே'ன்னு வந்தா 'அரைவிங் மண்டே'. எத்தனை ஆனை, எத்தனை அட்டை இந்தக் கையால செத்திருக்கு தெரியுமா? காட்டிலாகாக்காரன் என்மேல கேஸ் போடாதது ஆச்சரியம்.

கொல்லுறவனுக்குத்தான்லே உயிரோட விலை தெரியும். எதை அடிச்சாத் தந்தி நிக்கும், எதை அடிச்சாக் குடும்பமே விழுந்துரும்னு எனக்குத் தெரியும்.

ஒரு கதை சொல்லுதேன். மேலத்தெருவுல ஒரு பருத்தி யாவாரி. அவரு மகன் பி.காம். முடிச்சிட்டு பம்பாய்க்குப் போனான். பதினஞ்சு நாளு தாக்கலே இல்ல. அப்புறம் ஒரு தந்தி வந்துச்சு. 'காட் ஜாப் லுக்கிங் ஆஃப்டர் ஹவுஸ் செண்ட் மணி.' அவ்வளவுதான். முற்றுப்புள்ளிக்கும் காசுன்னு அதையும் விட்டுட்டான் மகராசன். யாவாரி கவுண்டருக்கு வந்து 'என்னன்னு வாசிச்சுச் சொல்லும் வே'ங்கார். நான் எழுத்துல இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்? 'உம்ம மகனுக்கு ஒரு வீட்டைக் காவல் காக்கிற வேலை கெடைச்சிருக்கு, பணம் அனுப்பணுமாம்'னு சொன்னேன். மனுசன் அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டார். வீட்டுல அந்தம்மா 'பி.காம். படிக்க வச்ச புள்ளை வாட்ச்மேன் சோலி பாக்கானே'ன்னு வாயில வயித்துல அடிச்சிக்கிட்டு அழுதா. அதுலயும் காவக்காரன் எதுக்கு ஊர்லருந்து பணம் கேக்கான், வீட்டுல எதையும் தொலைச்சிட்டானோன்னு வேற ஒரு பயம்.

விசயம் என்னன்னா, பய 'வேலை கெடைச்சிட்டு, வீடு தேடிக்கிட்டு இருக்கேன், அட்வான்சுக்குப் பணம் அனுப்புங்க'ன்னு சொல்லியிருக்கான். லுக்கிங் ஃபார்னு போட வேண்டிய இடத்துல லுக்கிங் ஆஃப்டர்னு போட்டுட்டான். ரெண்டுக்கும் காசு ஒண்ணுதான் பாத்துக்கோ. லுக்குன்னா பாக்கிறது. லுக் அட்னா நேரா பாக்கிறது. லுக் ஃபார்னா காணாததைத் தேடிப் பாக்கிறது. லுக் ஆஃப்டர்னா கூடவே இருந்து பாத்துக்கிடுறது, உங்க ஆச்சி என்னைப் பாத்துக்கிடுற மாதிரி. லுக் இன்டுன்னா உள்ள எறங்கி விசாரிக்கிறது, உங்க ஆச்சி என் சட்டைப் பையைப் பாக்கிற மாதிரி. கண்ணு ஒண்ணுதான். பார்வை எத்தனை ரகம் பாத்தியா? நாமளும் பாரு, பொண்ணு பாக்கோம், மாப்பிள்ளை பாக்கோம், வேலை பாக்கோம், கை பாக்கோம். எல்லாத்துக்கும் ஒரே பாக்கிறதுதான். அவன் பாக்கிறதுக்குப் பின்னால ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அதைப் பிரிக்கான்.

இப்ப நீ செஞ்ச தப்புக்கு வாரேன். நீ என்ன செய்யுதே? மனசுல தமிழ்ல நெனைக்கே. 'சம்பளத்தைப் பத்திப் பேசணும்.' பத்தின்னா அபௌட்டு. கொண்டு போய் ஒட்டிட்டே. 'சென்னைக்குப் போய்ச் சேந்தேன்.' கு-ன்னா டு. ஒட்டிட்டே. நம்ம மாட்டுக்கு வாலு பின்னால இருக்கு. சென்னைக்கு, சென்னையில, சென்னையிலருந்து, சென்னையோட... பேருச்சொல்லுக்குப் பின்னால வாலு ஆடும். வெள்ளைக்காரன் மாட்டுக்குக் கொம்பு முன்னால. டு சென்னை, இன் சென்னை, ஃப்ரம் சென்னை. நீ நம்ம மாட்டு வாலை அறுத்து அவன் மாட்டு நெத்தியில ஒட்டுதே. ஒட்டினா அது கொம்பா ஆயிருமா? ஈ ஓட்டத்தான் ஆகும்.

இதுல கூத்து என்னன்னா, ஆயிரம் வருசத்துக்கு முந்தி அவன் மாட்டுக்கும் வாலு இருந்துச்சு. பழைய இங்கிலீஷுல கல்லுக்கு 'ஸ்டான்', கல்லோடன்னா 'ஸ்டானெஸ்', கல்லுக்குன்னா 'ஸ்டானெ'. நம்ம வேற்றுமை உருபு மாதிரியேதான். அப்புறம் கடல் தாண்டி வந்த டேன்காரங்க குடியேறி, ரெண்டு பாஷைக்காரனும் ஒரே சந்தையில கலந்து பேசிப் பேசி வாலு தேஞ்சு போச்சுன்னு ஒரு காரணம் சொல்லுதாங்க. வாலு போனதும் எது எதோட சேருதுன்னு காட்ட முன்னால இருந்த குட்டிச் சொல்லுக்கெல்லாம் சோலி கூடிப் போச்சு. இன்னைக்கும் 'ராமாஸ் ஹவுஸ்'னு எழுதுதியே, அந்த எஸ் இருக்கே, அதுதான் அறுந்த வாலோட மிச்ச நுனி. அவன் அதை ஒரு கொக்கி போட்டு மாட்டி வச்சிருக்கான், பழைய வீட்டுச் சாவி மாதிரி.

நம்ம வாலு மட்டும் ஒழுங்கான்னு கேளு. தொல்காப்பியர் வேற்றுமைக்கு ஒரு இயல் எழுதி முடிச்சிட்டு, அடுத்தாப்புல 'வேற்றுமை மயங்கியல்'னு தனியா இன்னொண்ணு எழுத வேண்டியதாப் போச்சு. ஒரு உருபு இருக்க வேண்டிய எடத்துல இன்னொண்ணு வந்து உக்காந்துக்கிடும்கிறதுக்கு ஒரு முழு இயல். நீயே சொல்லு, பாம்புக்குப் பயமா, பாம்பைக் கண்டு பயமா, பாம்புன்னா பயமா? மூணும்தான். எந்த வாத்தியாரும் உன்னைப் பெஞ்சு மேல ஏத்தல, ஏன்னா நீ தாய்ப்பாலோட குடிச்சே. வெள்ளைக்காரப் பிள்ளை 'அஃப்ரெய்டு ஆஃப்'ங்கிறதையும் அப்படித்தான் குடிச்சுது. உனக்குத்தான் புட்டிப்பால்.

'என் மேல கோவம்'னு நாம சொல்லுதோம். அதை அப்படியே 'ஆங்கிரி ஆன் மீ'ன்னு எழுதினா, இங்கிலீஷ்காரன் கண்ணுக்கு எப்படித் தெரியும் தெரியுமா? ஒருத்தன் உன் தோள் மேல ஏறி உக்காந்துக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி. அவனுக்கு அது 'ஆங்கிரி வித் மீ'. நமக்கு வித்துன்னா கூட. கூட உக்காந்து கோவப்படுறதான்னு நீ கேப்பே. கேளு. அதே கையோட, 'அவளோட கல்யாணம்'னு நாம சொல்லுற எடத்துல அவன் வித்தைப் போட மாட்டான், 'மேரீடு டு'ம்பான். கோவத்துக்குக் கூட வாரவன் கல்யாணத்துக்குக் கூட வரல. வெள்ளைக்காரன் சம்சாரி அனுபவத்துல சொல்லியிருப்பான்னு நெனைக்கேன்.

சரி, டிஸ்கஸுக்கு வா. இந்தச் சொல்லோட வயித்தைக் கீறிப் பாத்திருக்கியா? லத்தீன்லருந்து வந்தது. அங்க அதுக்குப் பொருள் உலுப்பிப் பிரிக்கிறது, உதறித் தனித்தனியாக்குறது. ஆச்சி முத்தத்துல உக்காந்து என்ன செய்யுதா பாரு. சொளவுல நெல்லைப் போட்டுப் புடைக்கா. அதேதான்லே டிஸ்கஸ். ஒரு விசயத்தைப் போட்டுப் புடைச்சு, பதரு இந்தப் பக்கம், மணி அந்தப் பக்கம்னு பிரிக்கிறது. இப்ப சொல்லு, ஆச்சி நெல்லைப் புடைக்காளா, நெல்லைப் பத்திப் புடைக்காளா? நெல்லைப் பத்திப் புடைச்சா மத்தியானம் சோறு பொங்குமா? 'டிஸ்கஸ் மை சாலரி'. சம்பளத்தைச் சொளவுல போடு. அதைப் பத்தி எவனோ எட்ட நின்னு சொளவைத் தட்டுறதுதான் உன் 'டிஸ்கஸ் அபௌட்'.

அப்ப 'டிஸ்கஷன் அபௌட்'டுன்னு பேப்பர்லயே போடுதானேன்னு நீ கேப்பே. கேக்கணும். கேக்காட்டா நீ என் பேரன் இல்ல. டிஸ்கஷன் பேருச்சொல்லு. வினைச்சொல்லுக்குத் தெம்பு உண்டு, தானே கையை நீட்டிப் பொருளைப் பிடிச்சுக்கிடும். பேருச்சொல்லு ரிட்டையர்டு ஆளு, என்னை மாதிரி. கம்பு ஊனித்தான் நடக்கும். அந்தக் கம்புதான் அபௌட்டு. ஆன்னையும் ஊனிக்கிடும், ரெண்டுல எதுவும் சரி. ரிக்வெஸ்ட்டும் இப்படித்தான். 'ரிக்வெஸ்ட் லீவ்'னு வினையா வந்தாத் தனியா நடக்கும், 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'னு பேரா வந்தாக் கம்பு வேணும். 'ஆர்டர் டூ டீ'ன்னு கடையில சொல்லு, 'ஆர்டர் ஃபார் டூ டீ'ன்னு வினையில ஃபாரை நீட்டினியானா வாத்தியாரு பிரம்பை நீட்டுவாரு. நம்மாளு பேருச்சொல்லோட கம்பைப் பிடுங்கி இளந்தாரி வினைச்சொல்லு கையில குடுத்துருதான். வாலிபப் பய கம்பு ஊனி நடந்தா ஊரு சிரிக்குமா சிரிக்காதா?

ரீச்சுக்கு வா. பரண் மேல ஊறுகாய்ப் பானை இருக்கு. நீ நுனிக்கால்ல நின்னு கை நீட்டி எட்டுதே. பானையை எட்டிப் பிடிச்சிட்டே. அதான் ரீச். கை நீட்டுறதுதான் அந்தச் சொல்லோட பழைய பொருளே. பானையை எட்டினப்புறம் இடையில ஒரு டு எதுக்கு, கைக்கும் பானைக்கும் நடுவுல பல்லி மாதிரி? 'ரீச்ட் சென்னை'. சென்னையைத் தொட்டாச்சு. ஆனா 'ரீச் ஃபார்'னு ஒண்ணு உண்டு, அதுல கை நீட்டினது மட்டும்தான், பானை இன்னும் ஆப்புடல. இந்த மாதிரி எடத்துல ஃபார் வந்து உக்காந்தாக் காரியம் இன்னும் முடியலன்னு அர்த்தம். ஆஸ்க் ஃபார், வெயிட் ஃபார், லுக் ஃபார், ஹோப் ஃபார், எல்லாம் கைக்கு வராத சாமான். 'எனக்காகக் காத்திரு'ன்னு நாமளும் சொல்லுதோம்ல, அந்த எடத்துல நம்ம வாலும் அவன் கொம்பும் தற்செயலா ஒண்ணாப் போயிருது. சந்தோசப்பட்டுக்கோ. ஆனா அவன் வெயிட்டைக் கொஞ்சம் உசத்தி 'அவெயிட்'டுன்னு ஆக்கிட்டா, ஃபாரை அது உள்ளயே முழுங்கிட்டு உக்காந்துரும். 'அவெயிட்டிங் யுவர் ரிப்ளை'. முழுங்கினதுக்கு மேல ஒரு ஃபார் ஊட்டாதே, வயிறு உப்பிரும்.

மூணாவது, கோப்பிங் அப் வித். கோப்புங்கிறது பழைய பிரெஞ்சுல அடிக்கிறதுன்னு பொருள் உள்ள சொல்லுலருந்து வந்தது. ஆதியில அதுக்குக் கைகலக்கிறதுன்னு பொருளு. நம்ம மல்லுக்கட்டுறது இருக்கே, அச்சா அதுதான். 'வேலையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்', 'கோப்பிங் வித் தி ஒர்க்'. எவ்வளவு பொருத்தமா உக்காருது பாரு. மல்லுக்கட்டும்போது எதிராளியைப் பாக்கணும், நீ எதுக்குலே மேல பாக்கே? அப்புன்னு அண்ணாந்து பாத்த நேரத்துல வேலை உன்னைக் காலை வாரி விட்டுரும். 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்'னு ஓட்டப்பந்தயச் சொல்லுல வார அப்பை யாரோ களவாண்டு வந்து மல்லுக்கட்டுல விட்டுட்டான். களவாண்டவன் நம்ம ஊருக்காரன்தான்னு பலமான சந்தேகம்.

இதுக்கெல்லாம் வயித்தைக் கீறினா வெளங்கிருதுல்லான்னு ரொம்பத் துள்ளாதே. கீறினாலும் வெளங்காததும் இருக்கு. டிபெண்டுன்னு ஒண்ணு. லத்தீன்ல அதுக்குப் பொருள் கீழ தொங்குறது, பந்தல்லருந்து புடலங்காய் தொங்குற மாதிரி. சரி, தொங்குறது எதுலருந்தாவதுதானே தொங்கணும்? பிரெஞ்சுக்காரன் அந்த ஞாயத்துக்கு 'இருந்து'ங்கிற பொருள் உள்ள 'தெ'யைச் சேத்துக்கிட்டான். இங்கிலீஷ்காரன் ஆன்னு போட்டுட்டான். புடலங்காயைத் தூக்கிப் பந்தலுக்கு மேல வச்சிட்டான். ஏன்னு கேட்டா பதில் கெடையாது. நீ உங்க அப்பன் சம்பாத்தியத்துல இருபத்தி நாலு வருசம் இருந்ததை எழுதணும்னா 'டிபெண்டட் ஆன்'னுதான் எழுதணும், தொங்கினது என்னவோ கீழதான்னாலும்.

என்டர்னு ஒண்ணு, அதுல மட்டும் வெள்ளைக்காரன் புத்திசாலித்தனம் இருக்கு. அறைக்குள்ள போறதுக்கு வெறும் என்டர் போதும். ஒப்பந்தத்துக்குள்ள போறதுக்கு 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்'னு இன்டு வேணும். அறைக்குள்ள போனவன் வந்த வாசல்லயே திரும்பி வந்துரலாம். கையெழுத்துப் போட்டு உள்ள போனவன் லேசுல வெளிய வர முடியுமா? வீட்டுப் பேர்ல லோன் வாங்கினியே, உனக்கு நான் விளக்கணுமா.

இன்னும் நெசமாவே ருசியான எடம் ஒண்ணு இருக்கு. அட்டும் டுவும். தெருவுல நாய் நிக்குது. அதுக்கு எலும்பைப் போட்டா 'த்ரோ டு தி டாக்'. கல்லைப் போட்டா 'த்ரோ அட் தி டாக்'. எறியிறது ஒரே கை, ஒரே வீச்சு. நாய்க்கு ரெண்டும் ஒண்ணா? டு வந்தா அது போய்ச் சேரணும்னு நெனைச்சு எறியிறது. அட் வந்தா குறி வச்சு எறியிறது. அட்டுங்கிறது கவட்டை வில்லு பாத்துக்கோ. 'ஸ்மைல் அட்'டுன்னா சிரிப்பை அவனைப் பாத்து விடுறது, அது நல்லது. 'லாஃப் அட்'டுன்னா கல்லை விடுற மாதிரி சிரிப்பை விடுறது. 'ஷவுட் டு'ன்னா எட்டத்துல போறவனைச் சத்தம் போட்டுக் கூப்பிடுறது. 'ஷவுட் அட்'டுன்னா பக்கத்துல நிக்கிறவனை ஏசுறது. ஐம்பது வருசமா உங்க ஆச்சி 'நான் உங்களைக் கூப்பிடத்தானே செஞ்சேன்'னு சொல்லுதா. அவ வாயிலருந்து பொறப்படும்போது டுவாத்தான் இருக்கும்போல. முத்தத்தைத் தாண்டி என் காதுக்கு வரும்போது எப்படியோ அட்டா மாறிருது.

பரிசம் போடப் போற வீட்டுல அக்ரி படுற பாட்டைப் பாரு. சம்பந்தி ஒரு பேச்சுச் சொல்லுதார், 'ஆமா மச்சான் சொல்லுறது சரிதான்'னு தலையாட்டினா அது 'அக்ரி வித்'. ஆளோட ஒத்துப் போறது. 'இருபது பவுன் போட்டுருவோம்'னு அவரு வச்ச கோரிக்கைக்கு மண்டையை ஆட்டினா 'அக்ரி டு'. அப்புறம் காலண்டரைத் தூக்கிட்டு வந்து தை மாசமா ஆவணியான்னு அடிச்சுப் பிடிச்சு ஒரு தேதியில நிப்பாட்டினா 'அக்ரி ஆன்'. வித் சொல்லுறதுக்குச் செலவு இல்ல. ஆன் சொன்னாலும் மண்டபத்துக்கு அட்வான்சு மட்டும்தான். எல்லாச் சண்டையும் அந்த டுவுலதான் வரும். நான் உங்க பெரியத்தை கல்யாணத்துல வித்தோட நிறுத்திக்கிட்டேன், அதனாலதான் இந்த வயலு இன்னும் இருக்கு.

நீ போன மாசம் ஃபோன்ல யார்கிட்டயோ 'ஐ பாஸ்ட் அவுட் இன் ட்வென்டி ட்வென்டி ஒன்'னு சொல்லிக்கிட்டிருந்தே. எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. பாஸ் அவுட்டுன்னா மயங்கி விழுறது. பட்டம் வாங்குற அன்னைக்கு நம்ம பய சாப்பிடாமப் போயிட்டான்போலன்னு நெனைச்சேன். பட்டாளத்துல மட்டும் அதுக்கு நல்ல பொருளு உண்டு. சென்னையில பரங்கிமலைப் பக்கம் இருக்கிற ஆபீசர் டிரெய்னிங் அகாதமியில பயிற்சி முடிச்சவங்க அணிவகுத்து வெளிய போவாங்களே, அது பாசிங் அவுட் பரேடு. நீ துப்பாக்கி தூக்கல, பை தூக்கினே. 'கிராஜுவேட்டட் ஃப்ரம்'னு சொல்லிட்டுப் போ.

அட, வெள்ளைக்காரன் தனக்குள்ள ஒழுங்கா இருக்கானான்னா அதுவும் இல்ல. 'ரைட் டு மீ'ம்பான் இங்கிலாந்துக்காரன். 'ரைட் மீ'ம்பான் அமெரிக்காக்காரன், டுவை மிச்சம் பிடிச்சிட்டான், தந்திக் கவுண்டர்ல என் பக்கத்துல உக்கார வேண்டிய ஆளு. ஃபாரத்தை இவன் 'ஃபில் இன்' பண்ணுவான், அவன் 'ஃபில் அவுட்' பண்ணுவான். ஒருத்தன் உள்ள ரொப்புதான், ஒருத்தன் வெளிய ரொப்புதான், ஃபாரம் என்னவோ ஒண்ணுதான். கோர்ட்டுத் தீர்ப்பை எதுத்து 'அப்பீல் அகெய்ன்ஸ்ட்'டும்பான் இவன், அவன் 'அப்பீல் தி டிசிஷன்'னு வெறுங்கையோட போயிருவான்.

இந்தக் குட்டிச் சொல்லுக்காக அவங்களுக்குள்ளயே வழக்கும் நடந்திருக்கு. ட்ரைடன்னு ஒரு கவி. 1672-ல, பென் ஜான்சன்னு ஒரு பழைய நாடகக்காரரு இந்தக் குட்டிச் சொல்லை வாக்கியக் கடைசியில விட்டுட்டாருன்னு குத்தம் எழுதினாரு. ஜான்சன் செத்து அப்ப 35 வருசம். பதில் பேச முடியாதவன் மேல வழக்கு. அதைவிடக் கூத்து, அந்தத் தப்பு என் எழுத்துலயும் இருக்குன்னு இப்பத்தான் பாத்தேன்னு அவரே ஒப்புக்கிட்டாரு. அப்புறம் 1668-ல அச்சான தன்னோட கட்டுரையை 1684-ல மறு அச்சுக்குக் குடுக்கும்போது, கடைசியில கெடந்த குட்டிச் சொல்லுகளைப் பொறுக்கி உள்ள தள்ளினாரு. அவரைப் பாத்து அதுக்கப்புறம் எத்தனையோ தலைமுறை வாத்தியாருங்க பிரம்பெடுத்தாங்க. இன்னைக்கு அங்கயே அதை யாரும் பெருசாச் சட்டை பண்ணுறது இல்ல.

அப்ப எப்படித்தான் படிக்கிறதுன்னு கேக்கே. ஹார்ன்பின்னு ஒரு இங்கிலீஷ்காரரு ஜப்பானுக்கு வாத்தியாராப் போனாரு. ஜப்பான்காரன் பாஷையிலயும் நம்மள மாதிரியே பேருச்சொல்லுக்குப் பின்னாலதான் ஒட்டு. அந்தப் பிள்ளைங்களும் உன்னை மாதிரித்தான் வாலை அறுத்து ஒட்டியிருக்கும். சொல்லுக்குப் பொருளு மட்டும் சொன்னா இதுகளுக்குப் பத்தாது, எந்த வினைச்சொல்லு எதோட சேரும், எப்படி வாக்கியத்துல உக்காரும்னும் சொல்லணும்னு ரெண்டு பேரைக் கூட்டு சேத்துக்கிட்டு ஒரு அகராதி பண்ணினாரு. 1942-ல டோக்கியோவுல அச்சாச்சு. யுத்தம் நடந்துக்கிட்டு இருக்கு, எதிரிப் பாஷைக்கு அகராதி. 1948-ல ஆக்ஸ்ஃபோர்டுக்காரன் அதை வாங்கிப் போட்டான். நீ பத்தாங்கிளாசுல பிரைசா வாங்கிட்டு வந்து இப்ப கம்ப்யூட்டருக்கு அடியில உசரத்துக்கு வச்சிருக்கியே, அந்தத் தடிப் பொஸ்தகம், அதோட பூர்வீகம் அதுதான். ஒரு வினைச்சொல்லைப் புரட்டிப் பாரு, அதோட கூட்டாளி பக்கத்துலயே தடிச்ச கறுப்பு எழுத்துல நிக்கும். கம்ப்யூட்டருக்கு ரெண்டு செங்கல் வச்சிக்கோ, நான் தாரேன்.

நான் பெறவு எப்படிப் படிச்சேன்னா, பழைய தந்தி ஃபாரத்துக்குப் பின்பக்கம் வெள்ளையா இருக்கும்ல, அதுல எழுதி வைப்பேன். வினையைத் தனியா எழுத மாட்டேன். நம்ம ஊர்ல மாடசாமின்னு கூப்பிட்டா ஏழு பேரு திரும்புவான். கெணத்துவீட்டு மாடசாமின்னாத்தான் ஆளு சிக்கும். அப்படித்தான் லிசன்னு எழுத மாட்டேன், லிசன்-டுன்னு எழுதுவேன். இன்சிஸ்ட்-ஆன். அப்பாலஜைஸ்-டு ஆளுக்கு, ஃபார் செஞ்ச காரியத்துக்கு. அக்யூஸ்-ஆஃப், சார்ஜ்-வித், பிளேம்-ஃபார், இந்த மூணையும் வாய்க்கா வரப்புத் தகராறுல ஒரே நாள்ல கத்துக்கிட்டேன், அந்தக் கதை இப்ப வேண்டாம், ஆச்சி முத்தத்துல இருக்கா. டிஸ்கஸுக்குப் பக்கத்துல மட்டும் ஒண்ணும் எழுதாம ஒரு சொளவு படம் போட்டு வச்சிருந்தேன். போஸ்ட்மாஸ்டர் அதைப் பாத்துட்டு, ஆபீஸ் ஃபாரத்துல படம் வரையுதீராவேன்னு ஏசினாரு. 'ஷவுட்டட் அட்'டுங்கிறதை அன்னைக்குத்தான் நல்லா மனப்பாடம் பண்ணினேன்.

இந்தா லெட்டரு. மூணு எடத்துலயும் பென்சில்ல அடிச்சிருக்கேன், அபௌட்டு, டு, அப்பு. தந்திக் கணக்குப்படி மூணு வார்த்தை உனக்கு மிச்சம். மிச்சத்துக்குக் கமிசன் கேக்கேன். கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு பொட்டலம். இதை இங்கிலீஷுல எப்படிச் சொல்லுவே? 'தாத்தா ஆஸ்க்ட் டு மீ'ன்னா? உங்கிட்டக் கேட்டா வெறும் 'ஆஸ்க்ட் மீ', உனக்கு முன்னால ஒண்ணும் வேண்டாம். மிட்டாய் வேணும்னாத்தான் 'ஆஸ்க்ட் ஃபார்'. ஃபார் போடாம மிட்டாயை ஆஸ்க் பண்ணினா அது என்ன பதிலா சொல்லும்? கைக்கு வராத சாமானுக்கு ஃபார் போடணும்னு அப்பவே சொன்னேன். இப்ப வரைக்கும் அது வெறும் ஃபாராவே கெடக்கு.

மெல்லுறதுக்குப் பல்லு எங்கன்னு கேக்காதே, ஊற வச்சுச் சப்பிக்கிடுவேன். ஆச்சி காதுல மட்டும் விழாமப் பாத்துக்கோ. சர்க்கரைன்னு டாக்டர் சொன்னதுலருந்து அவ என்னை லுக் ஆஃப்டரும் பண்ணுதா, லுக் இன்டுவும் பண்ணுதா. இன்னா, கூப்பிடுதா பாரு. டுவா அட்டான்னு இங்கருந்து சரியாக் கேக்கல. நீ முன்னால போ, நான் பின்னால வாரேன்.